பேசாத வகுப்பு

"இது கிளாஸா, துக்க வீடா? ஒரு பிள்ளைகூட வாயைத் திறக்கலையே!"

டிரைவருக்குப் பொறுக்கவில்லை. ஊரடங்கில் பஸ்ஸெல்லாம் டிப்போவில் நின்றுவிட்ட பிறகு, மகளின் போன் வகுப்பை ஒட்டுக்கேட்பதுதான் அவருக்கு முழுநேர வேலை.

டீச்சர் பாடம் நடத்துவார், கேள்வியும் கேட்பார். ஆனால் பிள்ளைகள் பேசக்கூடாதாம். எல்லாரும் மைக்கை மூடிவிட்டு, பதிலை டைப் அடிக்க வேண்டுமாம். மூன்று வாரமாக இதே கூத்து.

பேச்சுப் போட்டியில் கப் வாங்கிய பெண்! இப்போது வீட்டில்கூட 'உம்', 'உஹும்'தான். பெத்த மனசு கேட்குமா? டீச்சருக்குப் போனைப் போட்டுவிட்டார்.

"ஏன் டீச்சர், பிள்ளைங்க பேசினா உங்களுக்குத் தலை வலிக்குதா?"

"அப்படியில்லை சார். எழுதினா கூச்சப்படுற பிள்ளைகூட பதில் சொல்லும்..."

"என் பொண்ணுக்கு என்ன கூச்சம்? உங்க சௌகரியத்துக்கு அவளைப் பொம்மையாக்காதீங்க!"

டீச்சர் குரலைத் தணித்துக்கொண்டார்.

"கொஞ்ச நாள் பொறுத்துக்கங்க சார்."

"முடியாது. ஹெட்மாஸ்டர்கிட்டயே பேசிக்கிறேன்."

பேசியும் விட்டார். டீச்சருக்குச் செம டோஸ். "ஏன்னு கேட்டா காரணமே சொல்ல மாட்டேங்கிறாங்க சார். நாளையிலேர்ந்து மைக்கைத் திறந்துதான் கிளாஸ்" என்றார் ஹெட்மாஸ்டர்.

டிரைவருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். மகளிடம் ஓடிப்போய்ச் சொன்னார்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. "வேணாம்ப்பா..."

"அட, எதுக்குப் பயப்படுறே? அப்பா இருக்கேன்ல!"

மறுநாள் காலை பத்து மணி. மகள் ஜன்னலோரம் உட்கார்ந்து பாடத்தை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். அடடா, என்ன குரல்! டிரைவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அந்தச் சந்தோஷத்தோடு மனைவி கொடுத்த டீயை வாயில் வைத்தார்.

சர்க்கரை இல்லை.

"ஏண்டி, அறிவிருக்கா உனக்கு? ஒரு டீ ஒழுங்காப் போடத் துப்பில்லை! நீயெல்லாம் எதுக்குடி இருக்கே, தண்டம்!"

பஸ் எஞ்சினையே மீறிக் கத்திப் பழகிய தொண்டை. டம்ளர் சுவரில் மோதி உருண்டது.

மகள் படிப்பது பாதியில் நின்றது. போனுக்குள் நாற்பது பிள்ளைகளும் கப்சிப்.

டீச்சர்தான் சட்டென்று பேசினார். "யார் வீட்டுலயோ டிவி சத்தமா ஓடுது போல. பரவாயில்லைடா கண்ணுங்களா, அடுத்த பத்தியை நானே படிக்கிறேன்."

டிரைவர் குனிந்து டம்ளரை எடுத்தார்.

மகள் மைக்கை மூடினாள். அப்பா முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

"போன தடவை நீங்க கத்தினப்பவும் டீச்சர் டிவின்னுதான் சொன்னாங்கப்பா. அதுக்கு மறுநாள்தான், இனிமே யாரும் பேச வேணாம், எல்லாரும் எழுதுங்கன்னுட்டாங்க."