எழுத்தில் படாத கிழிசல்

பத்தொன்பது நாளில் நூற்றுப் பதினொரு புத்தகங்கள் பிழைத்துக்கொண்டன.

நூலகத்தின் பின்கூடத்தில் கோடை விடுமுறை வகுப்பு. வாசலில் பிள்ளைகளே வண்ணம் தீட்டி மாட்டிய பலகை: 'புத்தக மருத்துவமனை'. கிழிந்த பக்கத்துக்குப் பசை தடவி மெல்லிய தாள் ஒட்டுவார்கள். பிரிந்த முதுகைத் தைப்பார்கள். மேலே செங்கல்லை ஏற்றி, ஒரு நாள் முழுக்கப் படுக்கையில் போடுவார்கள்.

"இந்தக் கணக்குப் புத்தகம் செத்துப்போச்சுக்கா. விட்டுடலாம்" என்று ஒருவன் தினமும் சொல்லிப் பார்ப்பான். அக்கா விடமாட்டாள்.

அக்கா என்பவள் இரண்டு மாதத்துக்குத் தற்காலிகமாக வேலைக்கு வந்த பெண். மருத்துவம் கிடைக்காமல் தாவரவியல் படித்தவள். நாலு பேர் சேர்ந்தாற்போல் பார்த்தால் போதும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பிள்ளைகள் அவளை 'டாக்டரக்கா' என்றார்கள். முதல் தடவை அதைக் கேட்டபோது பசைக் கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டாள்.

முதல் நாள் அவள் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று. காகிதத்துக்குள் இழை ஓடுகிறது. இழையோடு கிழித்தால் நேராகப் போகும். குறுக்கே கிழித்தால் கோணிக்கொண்டு போகும்.

பிள்ளைகள் பழைய செய்தித்தாள்களைக் கிழித்துக் கிழித்துப் பார்த்தார்கள். கிழித்ததற்குத் திட்டு விழாத அதிசயத்தில், மறுநாள் தம்பி தங்கைகளையும் இழுத்துக்கொண்டு வந்தார்கள்.

நூலகர் ஆரம்பத்திலேயே கறாராகச் சொல்லியிருந்தார். "கிழிஞ்ச புத்தகம் என்னிக்குத் தீருதோ அன்னிக்கு வகுப்பு முடிஞ்சுதும்மா. கூடத்துல புது நாற்காலியெல்லாம் அடுக்கணும்."

வகுப்பு முடிந்தால் அவள் வேலையும் முடிந்தது. மறுபடியும் வீடு. மறுபடியும் சாப்பாட்டுத் தட்டோடு சேர்த்து அம்மா வைக்கும் கேள்வி: அடுத்து என்ன பண்ணப் போறே? அங்கே யாரும் அவளை டாக்டர் என்று கூப்பிடப் போவதில்லை.

பிள்ளைகள் போட்ட போட்டில் கிழிந்த புத்தகக் கூடை பத்தாம் நாளே காலியாகியிருக்க வேண்டும். ஆனால் டாக்டரக்கா கூடத்தைத் திறந்துவிட்டு, அவர்கள் ஓடிவந்து எட்டிப் பார்க்கும்போதெல்லாம் அடியில் ஐந்தாறு புத்தகங்கள் கிடந்தன. மறுநாளும் கிடந்தன. இறைக்கிற கிணறு ஊறும் என்பார்களே, அப்படி.

நூலகருக்கு முதலில் பெருமையாக இருந்தது. பிறகு கவலை. கடைசியில் சந்தேகம். பிள்ளைகளில் யாரோ அலமாரியிலிருந்து நல்ல புத்தகமாகப் பார்த்து எடுத்துக் கிழிக்கிறார்கள்.

"இன்னிக்கு ஆள் யாருன்னு தெரிஞ்சாகணும். தெரியலைன்னா ஆஸ்பத்திரிக்குப் பூட்டுதான்" என்றார் பத்தொன்பதாம் நாள் காலை.

அப்போதிருந்து டாக்டரக்கா ஒரே பக்கத்தை மூன்று முறை ஒட்டிவிட்டாள்.

மத்தியானம் நூலகர் ஆளைக் கண்டுபிடித்துவிட்டார். ஒன்பது வயது. பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் 'பெரிய சர்ஜன்'. கூட்டத்திலேயே கை சுத்தமானவள். அம்மா வேலை முடிந்து வந்து கூட்டிப்போகும்வரை கூடத்தை விட்டு நகரமாட்டாள். அவளுக்குப் போக வேறு இடமும் கிடையாது.

அன்று கூடையில் கிடந்த ஐந்து புத்தகங்களோடு நூலகர் அவள் முன்னால் வந்து நின்றார். மேலே இருந்ததை நீட்டினார்.

"ஏம்மா கண்ணு, எல்லாரும் போனப்புறம் நீதானே இங்க இருக்கே? பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுறியா?"

ஊசிகள் அந்தரத்தில் நின்றன.

டாக்டரக்கா எழுந்தாள். வாயைத் திறந்தாள். நாக்கு, பத்தொன்பது நாள் பயிற்சியில், முன்னைவிட நன்றாகவே ஒட்டிக்கொண்டது.

பெரிய சர்ஜன் அழவில்லை. புத்தகத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். பக்கத்தின் தலையிலிருந்து பாதிவரை, ஓரத்து வெள்ளையிலேயே, ஒரு எழுத்தைக்கூடத் தொடாமல் இறங்கியிருந்தது கிழிசல்.

"நாங்க கிழிச்சா இப்படி வராது சார். புரட்டும்போது பிடிச்சு இழுப்போமா, குறுக்கால கோணிக்கிட்டுப் போகும். எழுத்தெல்லாம் ரெண்டாயிடும். இது இழையோட நேரா போயிருக்கு பாருங்க. காகிதத்துக்கு வயசாயிடுச்சு, தானா விட்டிருக்கு. அக்காதான் சொல்லிக்குடுத்தாங்க."

டாக்டரக்கா காகிதத்தின் வயதைப் பற்றி எதுவும் சொல்லிக்கொடுத்ததில்லை.

நூலகர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். மற்ற நான்கையும் திறந்தார். எல்லாம் நேர். எல்லாம் ஓரம். ஒரு எழுத்துக்கும் காயமில்லை. அவற்றில் ஒன்று போன வருடம்தான் வாங்கியது. அதை எடுத்து அடியில் வைத்துக்கொண்டார். முப்பது வருடம் புத்தகத்தோடு குடித்தனம் நடத்தியவர், ஒன்பது வயதுப் பெண்ணிடம் போய் எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியுமா?

"நானும் அதைத்தான் நினைச்சேன்" என்றார். "இன்னும் எத்தனை இப்படி விட்டுப்போகுமோ. சரி, நாற்காலி வராண்டாவுல கிடக்கட்டும். பள்ளிக்கூடம் திறக்கிறவரைக்கும் நடத்துங்கம்மா."

அவர் போனதும் கூடம் கைதட்டியது. கணக்குப் புத்தகக்காரன் மட்டும் தட்டவில்லை.

டாக்டரக்கா உட்கார்ந்தாள். பசைக் கிண்ணத்தைச் சர்ஜன் பக்கம் நகர்த்தி வைத்தாள். நன்றி என்று அவளால் சொல்ல முடிந்தது அவ்வளவுதான்.

கிண்ணத்தை வாங்குகிற சாக்கில் சர்ஜன் அவள் காதோரம் குனிந்தாள்.

"நாளையிலேர்ந்து கொஞ்சம் கோணலா கிழிங்கக்கா. எழுத்துல பட்டா பரவாயில்ல, நான் ஒட்டிடறேன்."