கப்பலில் துக்கம்

மத்தியானம் கப்பலின் மேல்தளத்தில், நீச்சல் குளத்தைச் சுற்றிப் பல தேசத்து ஜனங்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். பட்டறை ஃபிட்டர் ஒருவன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு ஒரு மூலைக்கு ஓடினான்.

"ஊர்ல காரியமெல்லாம் முடிஞ்சுதாப்பா?" பட்டறை போர்மேன் கேட்டார்.

"முடிஞ்சுதுண்ணே."

"அதென்ன பாட்டுச் சத்தம்?"

"பக்கத்து வீட்ல விசேஷம்ண்ணே. நம்ம துக்கம் அவங்களுக்கு எங்க தெரியுது?"

"பெத்தவ போயிட்டா உலகமே போன மாதிரிதான். மெதுவா வா. உன் வேலையை நான் பாத்துக்கறேன்."

போனை வைத்தவனை மனைவி ஏறிட்டுப் பார்த்தாள். "எனக்கே ஒரு மாதிரி இருக்குங்க."

"டிக்கெட் எடுத்தாச்சு. என்ன பண்ணச் சொல்றே?"

மறுநாள் காலை அவன் தட்டு நிறைய எடுத்துக்கொண்டு உட்கார்ந்தபோது போன் அடித்தது. திரையில் 'அம்மா' என்று வந்தது.

"கப்பல் ஆட்டத்துல வாந்தி கீந்தி வரலையே கண்ணு? நேத்து சாயங்காலம் உன் பட்டறை ஆளுங்க பெரிய மாலையோட வந்தாங்கடா. அம்மா எப்படி தவறுனாங்கன்னு என்கிட்டயே கேக்கறாங்க."

அவன் தட்டைத் தள்ளி வைத்தான்.

"உனக்கு லீவு எப்படிக் கிடைச்சுதுன்னு அப்பத்தான் புரிஞ்சுது. செத்தவளோட அக்கான்னு சொல்லிட்டேன். உன்னைக் கேட்டதுக்கு, அஸ்தி கரைக்கப் போயிருக்கான்னு சொன்னேன். நம்பணுமேன்னு கொஞ்சம் அழுதும் வச்சேன். போர்மேனும் அழுதுட்டாரு, பாவம்."

"அம்மா..."

"பரவால்ல, நீ நல்லா சுத்திப் பாரு. இந்த மாலையை எங்க வைக்கிறதுன்னுதான் எனக்குத் தெரியல."