பச்சைப் புள்ளி

வயோமிங் மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டியில் கோப்பை டெல்பர்ட்டுக்குப் போனது. அவன் நண்பன் ராய்ஸுக்கு ஆறாவது இடம்.

"எல்லாம் உன் கைராசிடா. கடைத் தோட்டா வாங்குறவன் சோம்பேறின்னு நீ சொல்லுவியே, சரிதான்," என்றான் டெல்பர்ட்.

ராய்ஸ் தான் சுட்ட இடத்தில் குனிந்து காலித் தோட்டா உறைகளைப் பொறுக்கினான். வீட்டிலேயே வெடிமருந்து அளந்து தோட்டா செய்கிறவன் அவன். மறுபடி நிரப்புவதற்காகத் தன் உறை ஒன்றைக்கூட விடமாட்டான். ஒவ்வொன்றின் அடியிலும் அடையாளமாகப் பச்சை மையால் ஒரு புள்ளி வைப்பான். டெல்பர்ட் கெஞ்சியதால், இந்தப் போட்டிக்கு அவனுக்கும் ஒரு பெட்டி கொடுத்திருந்தான். கொடுத்ததிலிருந்து டெல்பர்ட்டின் முகத்தைப் பார்க்கவே ராய்ஸுக்குக் கூச்சமாக இருந்தது.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும், திட்டாதே." டெல்பர்ட் கோப்பையைக் கீழே வைத்தான். "நல்லதை நீ வெச்சுக்கிட்டு மட்டமானதை எனக்குத் தந்திருப்பியோன்னு ஒரு எண்ணம். காலையில நீ காபி வாங்கப் போனப்போ ரெண்டு பெட்டியையும் மாத்தி வெச்சுட்டேன். உன்னைப் போய் சந்தேகப்பட்டேனேன்னு கேவலமா இருக்குடா."

ராய்ஸின் கை நின்றுவிட்டது. பொறுக்கிய உறைகளை ஒவ்வொன்றாகப் புல்லில் நழுவவிட்டான்.

"ஏன்டா, எடுத்துக்கலையா?"

"வேண்டாம்." ராய்ஸ் தலை நிமிரவில்லை. "இதெல்லாம் கடைத் தோட்டா. பச்சைப் புள்ளி மட்டும்தான் நான் வெச்சது."