இரண்டாவது தம்ளர்

சர்க்கரை ஒரேயடியாக இறங்கி, அப்பா குளியலறை வாசலில் விழுந்துவிட்டார்.

டாக்டர் கடுகடுத்தார். "மாத்திரையும் போட்டுக்கிட்டு, சிறுகுறிஞ்சான் கஷாயமும் குடிச்சீங்களா? அதுவும் தம்ளர் தம்ளரா?"

அம்மா கொடுத்ததையெல்லாம் குடித்திருந்தார். கொடுத்தது மறந்துபோய் மறுபடி காய்ச்சுவதுதான் அம்மாவின் வியாதி.

"அம்மாவுக்கு என்ன குடுக்கறீங்க?"

"ஞாபகத்துக்கு வல்லாரை" என்றான் மகன்.

"அது வேலை செய்யற லட்சணம்தான் தெரியுதே. ஒழுங்கா அவங்களையும் கூட்டிட்டு வாங்க."

வெளியே வந்ததும் மகன் பிடித்துக்கொண்டான். "'இப்பத்தானே குடிச்சேன்'னு சொல்ல வாய் இல்லையாப்பா உங்களுக்கு?"

"ஒரு தடவை சொன்னேன்டா. அவ முகம் செத்துப்போச்சு. அதுக்குக் கஷாயமே தேவலை."

"நல்லா இருக்கு. உயிர் போனாலும் பரவாயில்லையாக்கும்."

வீட்டுக்கு வந்து மகன் சட்டம் போட்டான். இனிமேல் கஷாயம் கிடையாது. அம்மா அடுப்புப் பக்கமே போகக் கூடாது. மனைவியிடம், "அந்தச் சிறுகுறிஞ்சான் டப்பாவைத் தூக்கிக் குப்பையில போடு" என்று கத்திவிட்டு வேலைக்குப் போனான்.

மறுநாள் காலை, பல் தேய்த்துக்கொண்டே வந்தவன் அப்படியே நின்றான். அடுப்பில் தண்ணீர் கொதித்தது. முன்னால் அம்மா. பக்கத்தில் அவன் மனைவி, அதே டப்பாவைத் திறந்து நீட்டிக்கொண்டு.

அம்மா வடிகட்டி, ஆற்றி, அப்பாவிடம் கொண்டுபோனாள். "மடக்குனு குடிங்க. மூஞ்சியைச் சுளிக்காதீங்க."

"என்னமா கசக்குது."

"கசக்கட்டும். கல்யாணம் ஆன நாள்லேருந்து மருந்துன்னா அழற ஆளு."

கொஞ்ச நேரத்தில் இரண்டாவது தம்ளர் வந்தது. அதையும் சுளித்துக்கொண்டே குடித்தார்.

மகன் மனைவியை ஓரமாகக் கூப்பிட்டான். "அப்பாவைக் கொல்லணும்னு முடிவே பண்ணிட்டியா?"

"மெல்லப் பேசுங்க. தம்ளர் அடியில கொஞ்சம் இருக்கு, குடிச்சுப் பாருங்க."

குடித்தான். கசப்பே இல்லை. வெறும் புதினா.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"முதல் வாயிலேயே தெரிஞ்சிருக்கும். மாமா நடிப்புக்கு என்ன குறைச்சல்."

மகன் தலையைச் சொறிந்தான். "அவசரப்பட்டுட்டேன். உன் மூளை எனக்கு வராது."

"எனக்கு ஏதுங்க மூளை? நேத்து நீங்க கத்திட்டுப் போனப்புறம், டப்பாவை அலம்பித் துடைச்சு, காஞ்ச புதினாவைக் கொட்டி, 'நான் திரும்ப மறந்துடுவேன், அந்த மனுஷன் திரும்பக் குடிச்சுடுவார், இது என்னன்னு என்கிட்டகூட மூச்சு விடாதே'ன்னு என் கையில குடுத்தது, அத்தைதான்."