எல்லாருக்கும் சம்மதம்

நின்ற இடத்திலேயே பஸ்ஸை உறுமவிட்டுக்கொண்டிருந்தார் டிரைவர். எப்போதடா கிளம்பலாம் என்று துடிப்பவர் போலிருந்தது. எதிரே தரைப்பாலத்தின் மேல் செந்நிறமாக வெள்ளம் புரண்டது. ஓரக் கற்களின் தலை மட்டும் தெரிந்தது.

வண்டியில் மிச்சமிருந்தவர்கள் மூன்றே பேர். டூட்டிக்குப் போகும் நர்ஸ், வேலை முடிந்து திரும்பும் கொத்தனார், மகள் வீட்டுக்குப் போகும் டீச்சரம்மா.

"சுத்திப் போனா ரெண்டு மணி நேரம் ஆகும்," என்றார் கண்டக்டர். "போன மழைக்கு நீங்களாவே திருப்பிட்டீங்க. அப்புறம் ஆபீஸ்ல என்னமா வாங்கிக் கட்டிக்கிட்டீங்க!"

டிரைவர் சீட்டிலிருந்து திரும்பினார். "அதான் எல்லாரையும் கேக்கறேன். ஒரே ஒருத்தர் வேண்டாம்னாலும் போதும், திருப்பிடறேன்."

கொத்தனார் தொண்டையைச் செருமினார். "ஊர் ஓடினா ஒத்து ஓடற ஆளு நான். மத்தவங்க சரின்னா எனக்கும் சரி."

"எனக்காக யாரும் லேட்டாக வேணாம்," என்றார் டீச்சரம்மா.

நர்ஸ் வெள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முறிந்த மரமொன்று வேரோடு சுழன்றபடி பாலத்தைத் தாண்டிப் போயிற்று. ஏதோ சொல்ல அவள் வாயெடுத்தாள்.

"என்னம்மா, தண்ணியவே பாத்ததில்லையா?" கண்டக்டர் சிரித்தார்.

நாலு பேர் நேரத்தைத் தன்னால் கெடுப்பானேன் என்று நினைத்தாளோ என்னவோ, "இல்ல... போகலாம்ணே," என்றாள்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. எல்லாருக்கும் சம்மதம்தானே?" டிரைவர் ஒவ்வொரு முகத்திலும் கொஞ்சம் நின்று பார்த்தார். எல்லாத் தலைகளும் ஆடின. கைக்குட்டையால் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டு கியரைப் போட்டார்.

பஸ் இறங்கியது. பாதிப் பாலத்தில் படிக்கட்டு வழியே தண்ணீர் உள்ளே ஏறியது. இன்ஜின் இருமி அடங்க, பின்பக்கம் மெல்ல வழுக்கி ஆற்றுப் பக்கமாக நகரத் தொடங்கியது.

"ஐயோ, எனக்கு அப்பவே மனசு ஒப்பல!" கம்பியைக் கட்டிக்கொண்டு கத்தினாள் நர்ஸ்.

"எனக்குந்தாம்மா!" என்றார் கொத்தனார். டீச்சரம்மா கண்களை இறுக மூடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார்.

கண்டக்டரின் முகம் வெளுத்திருந்தது. "நீங்கல்லாம் அவசரப்படறீங்கன்னுல்ல நான் நெனச்சேன்! எனக்கு நீச்சல்கூடத் தெரியாது..."

திரும்பாத ஸ்டியரிங்கோடு மல்லாடியபடியே டிரைவர் சொன்னார்:

"யாராவது ஒருத்தர் வேண்டாம்னு சொல்லுவீங்கன்னுதானேய்யா கேட்டேன்!"