கூடிக் கரையாத மரம்

சமாதானம் பேச வந்த பருந்துகள் ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தன: செத்துப்போன குஞ்சுகளுக்காகக் காகங்கள் கூடிக் கரையக் கூடாது, எந்தப் பருந்து கொன்றது என்றும் கேட்கக் கூடாது.

மிச்சமிருக்கிற குஞ்சுகளாவது பிழைக்கட்டும் என்று மூத்த காகம் தலையாட்டிவிட்டது.

"என் மூணு பிள்ளைக்கும் ஒரே ஒரு தடவை எல்லாரும் கூடிக் கரைஞ்சிடலாம்ணே," என்று கெஞ்சியது தாய்க்காகம்.

"பழசைக் கிளறாதே தங்கச்சி," என்று அதன் வாயை அடைத்தது மூத்த காகம்.

அதன்பிறகு எந்தக் குஞ்சும் சாகவில்லை. தாய்க்காகமும் வாய் திறக்கவில்லை.

வருஷங்கள் கழித்து அது செத்து விழுந்தபோது மூத்த காகத்துக்கு மனசு கேட்கவில்லை. தொண்டை கிழியக் கரைந்தது. சுற்றியிருந்த இளங்காகங்களில் ஒன்றுகூடச் சேர்ந்து கரையவில்லை.

"மெதுவாத் தாத்தா," என்றது ஒன்று. "பக்கத்துக் கிளையில பருந்தண்ணன் தூங்குறாரு."