நிற்காத தண்ணீர்

“மேடம், தப்பா நினைக்காதீங்க. உங்க மாமனார்தான்.”

காவலாளி குரலைத் தாழ்த்திச் சொன்னார். பொறியாளரான அவளுக்குச் சுருக்கென்றது.

“என்ன பண்றார்?”

“ராத்திரி நிலத்துல தண்ணி ததும்ப நிக்குது. விடிஞ்சா இறங்கிடுது. விடியற நேரத்துல பார்த்தா, இவர் கடப்பாரையும் சாக்கு மூட்டையுமா சேத்துல நின்னு குத்திட்டிருக்கார். கேட்டா, ‘உன் வேலையைப் பாரு’ங்கறார்.”

தண்ணீரை வடியவிடுவது அவர்தான் என்பதற்கு அவளுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

ஒரு காலத்தில் அந்த இடம் சதுப்பு நிலம். அதை வற்றவைத்துக் காயப்போட்ட பொறியாளர் சாட்சாத் அவள் மாமனார். அதற்காகத் துறை கொடுத்த வெள்ளிக் கோப்பை வீட்டுக் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. வேறு யாரும் அதைத் துடைக்கக்கூடக் கூடாது.

அதே நிலத்தை மறுபடி சதுப்பாக்கும் வேலை இப்போது அவள் தலையில். வெள்ளிக்கிழமை மேலதிகாரிகள் வருகிறார்கள். தண்ணீர் நின்றால் சரி. நிற்காவிட்டால் நிலத்தைக் கிடங்கு கட்டக் கொடுத்துவிடுவார்கள்.

சாப்பாட்டு மேஜையில் தினமும் சண்டை.

“கொசுவுக்கு மாளிகை கட்டறா என் மருமக.”

“காய்ஞ்ச சேறு கரியமில வாயுவைக் காத்துல கக்கிட்டே இருக்கு மாமா. நனைஞ்சு கிடந்தாதான் உலகத்துச் சூடு கொஞ்சமாவது அடங்கும். பறவையும் வரும்.”

“எனக்கே சேத்தைப் பத்திப் பாடமா? நான் வத்தவச்ச இடம். நிக்காது.”

கணவன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவே மாட்டான். இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொண்டு பழகியவன்.

வியாழக்கிழமை விடிந்தும் விடியாததுமாக அவள் போனாள். காவலாளி சொன்னது சரி. நேரே சேற்றில் இறங்கினாள்.

“மாமா! ஒரு கோப்பைக்காக என் பிழைப்புல மண்ணைப் போடறீங்களே, நல்லா இருக்கா?”

முழங்கால் சேற்றில் நின்றவர் திரும்பக்கூட இல்லை.

“கத்தாதே. அங்க கொக்கு நிக்குது.”

பார்த்தாள். நின்றது. ஒன்றல்ல, ஒரு கூட்டமே.

கடப்பாரை எதிலோ மோதி ‘ணங்’ என்றது. அவர் குனிந்து சேற்றை விலக்கினார். உள்ளே ஒரு சிமெண்ட் குழாயின் வாய். தண்ணீர் சுழித்துக்கொண்டு அதற்குள் ஓடிக்கொண்டிருந்தது.

“மேல இருக்கற கால்வாயை எல்லாம் அடைச்சுட்டே. சரி. அடியில நான் புதைச்ச குழாயை யார் அடைப்பா? உங்க ஆபீஸ்ல வரைபடம் இருக்கா?”

“இல்ல மாமா. கறையான் தின்னுடுச்சு.”

“தெரியும். அதான் ஒவ்வொண்ணா குத்திக் குத்தித் தேடினேன். இது கடைசி.”

“வீட்டிலேயே சொல்லியிருக்கலாமே!”

“நானே அடைக்கறேன்னு சொன்னா உன் புருஷன் ஊரைக் கூட்டிச் சிரிப்பான். அந்த மூட்டையை எடு.”

எடுத்துக் கொடுத்தாள். உள்ளே களிமண். அதன்மேல் பழைய துண்டில் சுற்றிய ஏதோ ஒன்று. அவர் அதைத் துண்டோடு குழாயின் வாயில் திணித்து, கடப்பாரையால் ஓங்கி நாலு தட்டு தட்டினார்.

சுழி நின்றது. தண்ணீர் அப்படியே அசையாமல் கிடந்தது.

துண்டு விலகிய இடத்தில், சேற்றுக்கு நடுவே, பளபளவென்று ஒரு கைப்பிடி தெரிந்தது.

“மாமா… இது…”

“என்ன முழிக்கறே? இந்த ஓட்டைக்கு அளவா வீட்ல இருந்தது அந்தக் கோப்பை ஒண்ணுதான். களிமண்ணை அள்ளிப் போடு.”